ஏழாம் பாடத்தில் வெட்டியது

"மம்மி, இந்த இடத்துல நீங்க பேசவே மாட்டேங்கறீங்களே," என்றான் லான்ரே.

"ஆமா. பேசலை."

"சும்மா உக்காந்திருக்கீங்க. பாக்கறவன் என்ன நெனைப்பான்? நெட் நின்னு போச்சுன்னு நெனைப்பான்."

இபாதான் நகரத்தின் போடிஜா பகுதியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது அவனுடைய படப்பிடிப்பு அறை. ஜெனரேட்டர் சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னலில் ஒரு பழைய மெத்தையைச் சாத்தி வைத்திருந்தான். மின்விசிறியை ஓட விடக்கூடாது, ஒலியில் பதிந்துவிடும். தலைக்கட்டும் கனத்த நெசவுத் துணியும் பவளமாலையுமாக மொசுன்மோலா உட்கார்ந்து வெந்துகொண்டிருந்தாள்.

அவள் அலாகா. இபாதானில் ஒரு வீட்டில் நிச்சயம் என்றால் பெண் வீட்டார் முதலில் தேடுவது அலாகாவைத்தான். மாப்பிள்ளைக் கூட்டத்தை வாசலிலேயே மறிப்பவள் அவள். தோழர்களோடு சேர்த்து மாப்பிள்ளையைத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழவைத்து, 'நெஞ்சு தரையில படலை, இன்னொரு தடவை' என்று வேலை வாங்குபவள். பாடுவாள், சீண்டுவாள், சண்டை போடுவதுபோலப் போட்டுக் கூட்டத்தைச் சிரிக்கவைப்பாள். கடைசியில் பெண்ணை ஒப்படைக்கும்போது அதே கூட்டத்தை அழவைப்பாள். இந்த வேலையில் மொசுன்மோலாவின் பெயர் இபாதானைத் தாண்டி லாகோஸ் வரைக்கும் தெரியும்.

நின்று நின்று அவள் முழங்கால்கள் தேய்ந்துவிட்டிருந்தன. அந்தச் சமயம் பார்த்துத்தான் லான்ரே வந்து சேர்ந்தான். "உங்க வசனத்தை ஆளாளுக்கு போன்ல பாத்துத் திருடிப் பேசறாங்க மம்மி. திருடட்டும்னு விடறதுக்கு, நீங்களே பாடமா சொல்லிக் குடுத்துடுங்க." பழைய பதிவுகளையெல்லாம் வாங்கிப் போய், அவளுடைய கிண்டல்களையும் பாட்டுகளையும் எழுதி எடுத்து, தொகுத்து, பாடம் பாடமாகப் பிரித்துக்கொண்டு வந்தான். கேமராவுக்குக் கீழே ஒரு கண்ணாடியில் எழுத்து நகரும். அதைப் படிக்க வேண்டும், படிப்பதுபோலத் தெரியக்கூடாது. அவ்வளவுதான் வேலை.

ஏழாம் பாடம், தாயை அழைப்பது. கண்ணாடியில் அவளுடைய வரியே நகர்ந்து வந்தது.

இந்தப் பிள்ளையைச் சுமந்த வயிறு எங்கே? எழுந்து நிற்கட்டும், ஊர் பார்க்கட்டும்!

அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: கையை வயிற்றில் வைத்துச் சிரிக்கவும். தாய் கூச்சப்பட்டால் மூன்று முறை அழைக்கவும். ஒவ்வொரு முறையும் மேளம் ஏறட்டும்.

"இதுக்கு முன்னாடி வீடு கேக்கறது வரணும்," என்றாள் மொசுன்மோலா. "அதைத்தான் நான் உக்காந்து காட்டினேன். விழாவுக்கு முன்னாடி ஒருநாள் தனியா அந்த வீட்டுக்குப் போகணும். மேளக்காரன் வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம். தண்ணி குடுத்தா வாங்கிக்கணும். எதுவும் கேக்கக்கூடாது."

"கேக்கறதுக்குப் போயிட்டுக் கேக்காம வரதா?"

"கேட்டா பொய் சொல்லுவாங்க தம்பி. சும்மா உக்காந்திருந்தா அவங்களாலயே தாங்க முடியாது. டம்ளரை எடுத்துட்டுப் போக வர்றவளாவது சொல்லிடுவா. எந்த அண்ணன் தம்பியை ஒரே வரிசைல உக்கார வைக்கக்கூடாது, யார் செத்துப் போனதை மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் சொல்லலை, பெத்தவ யாரு, வளத்தவ யாரு. அது தெரியாம இந்த வரியை வாயில எடுக்கக்கூடாது. இது கத்தி."

லான்ரே தலையைச் சொறிந்தான். கெட்டவன் இல்லை. தாய்க்கு வீடு கட்டிக் கொடுத்தவன், பெரியவர்களைக் கண்டால் குனிந்து வணங்குகிறவன். ஆனால் எது நகர்கிறதோ அது மட்டும்தான் அவன் கண்ணில் பட்டது.

"காட்டறதுக்கு ஒண்ணுமில்லையே மம்மி. பாடம் எட்டு நிமிஷத்தைத் தாண்டினா ஜனங்க ஓடிடுவாங்க. கடைசில ஒரு வரி எழுத்துல போட்டுடறேன். 'முன்கூட்டியே குடும்பத்தைச் சந்திக்கவும்.' போதுமா?"

போதாது என்று தெரிந்தும் அவள் தலையாட்டினாள். வியர்வை கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கையை வயிற்றில் வைத்தாள். சிரித்தாள். வரியைச் சொன்னாள்.

அந்த வயிறு எதையும் சுமந்ததில்லை என்பது அறையில் யாருக்கும் தெரியாது. அவள் குடியிருக்கும் மொகோலாவில் அவளை யாரும் மொசுன்மோலா என்று கூப்பிடுவதில்லை. இரேட்டி அம்மா. வீட்டுக்காரர், மீன்காரி, சர்ச்சில் பாதிரியார், எல்லாருக்கும் இரேட்டி அம்மாதான். பிள்ளையின் பெயரில் அழைக்கப்படாத பெண்ணை அந்த ஊரில் எப்படி அழைப்பது என்றே பலருக்குத் தெரியாது. அகினைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தபோது அவனுடைய முதல் மனைவி பெற்ற இரேட்டி தவழ்ந்துகொண்டிருந்தாள். அபேயோகுட்டாவை விட்டு இபாதானுக்கு வந்தபோது மொசுன்மோலாவின் முதுகில் கட்டியிருந்த பிள்ளையைப் பார்த்துத்தான் ஊர் அந்தப் பெயரை வைத்தது. அவள் மறுக்கவில்லை. பின்னால் மறுக்க இடமே வரவில்லை.

பாடங்கள் வெளியானபோது, குடும்பத்தைச் சந்திக்கச் சொல்லும் அந்த ஒரு வரியும் இல்லை. போன் செய்தாள். "படிக்கறவங்களுக்குக் குழப்பமா இருக்கும்னு எடுத்துட்டோம் மம்மி," என்றான் லான்ரே.  அன்றெல்லாம் சட்டியைக் கரண்டியால் இடித்தாள், அகினிடம் எரிந்து விழுந்தாள், மறுநாள் வேறொரு விழாவுக்குப் போய்விட்டாள்.

*

இரேட்டிக்கு நிச்சயம் குறித்தார்கள். சொந்த மகளின் நிச்சயத்தை அலாகா நடத்துவதில்லை. அன்றைக்கு அவள் தாயாக முன்வரிசை நாற்காலியில் உட்கார வேண்டும், வாய் திறக்கக்கூடாது. யாரை அமர்த்துவது என்று மொசுன்மோலா யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரேட்டி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, அரின்பேயைப் பேசிட்டேன். உன் பாடத்துல முதல் மாணவி! சர்டிபிகேட்ல உன் கையெழுத்தே இருக்கு. உனக்குப் பெருமையா இருக்கும்னுதான்."

பிள்ளையின் முகத்தில் அத்தனை வெளிச்சம். மொசுன்மோலா "சரி" என்றாள்.

கோட்டோனூவிலிருந்து கஃபாயத் போன் செய்தாள். இரேட்டியைப் பெற்றவள். அங்கே துணி வியாபாரம். அகினுக்கு முதலில் வாழ்க்கைப்பட்டவள் என்பதால் ஊர் முறைப்படி அவள்தான் மூத்தவள். வயதில் மொசுன்மோலா பெரியவள். யார் யாரை அக்கா என்பது என்று இருவருக்கும் இத்தனை வருடமாகத் தீரவில்லை. ஆகவே ஒருவரையொருவர் எதுவும் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதில்லை. 'ஹலோ'வில் தொடங்கி 'சரி, வச்சிடறேன்' என்று முடித்துக்கொள்வார்கள்.

"நான் வரலாமா?" என்றாள் கஃபாயத்.

"பெத்தவளை வராதேன்னு சொல்ல நான் யாரு?"

 "விழாவுக்கு எல்லாரும் ஒரே மாதிரி கட்டற துணியையே கட்டிக்கறேன். ரெண்டாவது வரிசைல உக்காந்துக்கறேன். யாருக்கும் தெரியாது. பாத்துட்டுப் போயிடுவேன்."

"சரி."

"சரி. வச்சிடறேன்."

மொசுன்மோலா அரின்பேக்காகக் காத்திருந்தாள். கூடத்தைத் துடைத்தாள். ஃபிரிட்ஜில் மால்ட் பானப் புட்டிகளை அடுக்கினாள். வீடு கேட்க வருகிறவளிடம் எந்த நாற்காலியில் உட்கார்ந்து, எதைச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். ஒருநாளும் வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. கடைசியில் இவளே கூப்பிட்டாள்.

"மம்மி! நீங்க போய் எனக்கு போன் பண்றதா! சொல்லுங்க மம்மி!"

"வீட்டுக்கு ஒரு தடவை வந்துட்டுப் போயேன்மா."

"எதுக்கு மம்மி அலைச்சல்? லாகோஸ் ரோட்டுல லாரி கவுந்து கிடக்கு, தினம் ஒண்ணு கவுந்துடுது. நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க. உங்க பாடம் மொத்தமும் மனப்பாடம். தூக்கத்துல தட்டி எழுப்பினாலும் சொல்லுவேன். நீங்க எங்க மூச்சு விடறீங்கன்னுகூடத் தெரியும்."

"எங்க வீட்டைப் பத்தி…"

"உங்க வீட்டைப் பத்தி ஊருக்கே தெரியுமே! நீங்க அன்னிக்கு ராணி மாதிரி உக்காருங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மொசுன்மோலா பேசாமலிருந்தாள். அரின்பேயே கேட்கட்டும் என்று இடம் விட்டாள். அந்த இடம் நீண்டது.

"ஹலோ? மம்மி? லைன் கட்டாயிடுச்சா?"

அரின்பே போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டு ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்திருக்கும். நான் பெறவில்லை. அதை அவள் அகினிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. விழாவன்று காலையில் அவளைத் தனியாகப் பிடித்து ஏழாம் பாடத்து வரியை விட்டுவிடு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். விழாவன்று அரின்பே நெரிசலில் மாட்டி, தாமதமாக வந்து, மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டேதான் மண்டபத்துக்குள் நுழைந்தாள்.

*

அரின்பே நன்றாகவே செய்தாள். அதுதான் தாங்க முடியாமலிருந்தது.

மாப்பிள்ளையும் தோழர்களும் வரிசையாக விழுந்தார்கள். "என்னப்பா, சட்டை அழுக்காயிடும்னு பயமா? இரேட்டி தோய்க்க மாட்டா, நீதான் தோய்க்கப் போறே!" கூட்டம் சிரித்தது. மொசுன்மோலாவின் கிண்டல் அது. இழுத்த இழுப்பும் அவளுடையது. போன வருடம் படப்பிடிப்பின்போது தொண்டை கட்டி ஓர் இடத்தில் லேசாகச் செருமியிருந்தாள். அரின்பே அதே இடத்தில் செருமினாள். யாரோ தன் தோலை உரித்துப் போட்டுக்கொண்டு மேடையில் நடப்பதுபோல இருந்தது மொசுன்மோலாவுக்கு.

இரேட்டி முக்காட்டோடு வந்து பெற்றோர் முன் முழங்காலிட்டாள். அகின் அவள் தலையில் கைவைத்தான். மேளம் தணிந்தது. பேசும் மேளம் வாசித்த கிழவர் மொசுன்மோலாவோடு எத்தனையோ மேடை ஏறியவர். அவரும் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். அரின்பே வயிற்றில் கைவைத்துக்கொண்டாள்.

"இந்தப் பிள்ளையைச் சுமந்த வயிறு எங்கே? எழுந்து நிக்கட்டும், ஊர் பாக்கட்டும்!"

மண்டபம் மொசுன்மோலாவைப் பார்த்தது. அவள் எழவில்லை. முன்னால் இரேட்டியின் முக்காட்டுத் துணி மூச்சில் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம். திரும்பாமலே அது யாரென்று அவளுக்குத் தெரிந்தது.

"அம்மாவுக்கு வெட்கத்தைப் பாருங்க! ஊரெல்லாம் வாயடிச்சவ, இன்னிக்கு வாயடைச்சு உக்காந்திருக்கா!" இது பாடத்தில் இல்லை, இதை அரின்பே தானே கட்டினாள். நல்ல கிண்டல்தான். "இரண்டாவது தடவை கேக்கறேன். சுமந்த வயிறு எங்கே?"

மேளம் ஏறியது. பின்வரிசையில் ஒரு கிழக்குரல், கஃபாயத்தின் பெரியம்மாவாக இருக்க வேண்டும், அடக்க முடியாமல் வெடித்தது. "எழுந்திருடி! உன்னைத்தான் கூப்பிடறா!"

"சும்மா இரு பெரியம்மா," என்று அழுகைக்குள்ளிருந்து கஃபாயத்.

அரின்பே அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்கு வசனம் கிடையாது. "மூணாவது தடவை!" என்றாள்.

மொசுன்மோலா எழுந்தாள். கூட்டம் கைதட்டியது. அவள் நின்ற இடத்தில் நிற்காமல் நேரே நடந்து போய் அரின்பேயின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். பெண்ணின் தாய் மைக்கைத் தொடுவதில்லை. கைதட்டல் இன்னும் பலத்தது.

"என் வீட்டுக்கு வந்தியா நீ?" என்றாள். 

அரின்பே முழங்காலை மடக்கினாள். "மம்மி…"

"வந்தியா? என் வீட்டுத் தண்ணி ஒரு வாய் குடிச்சியா? என் கூடத்துல உக்காந்தியா?"

"அது… பாடத்துல இல்லையே மம்மி."

மண்டபம் இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. இரண்டு அலாகாக்கள் மேடையில் மோதிக்கொள்வதைவிட நல்ல வேடிக்கை உண்டா? மேளக்காரர் கிழவரும் ஏமாந்துபோய், சண்டைக்கென்று இருக்கும் அடியை எடுத்து வாசித்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஆடிக்கொண்டே வந்து பாராட்டாக அவள் நெற்றியில் நைரா நோட்டுகளை ஒட்டினார்கள்.

"சிரிக்காதீங்க!" என்று கத்தினாள்.

இன்னும் சிரித்தார்கள். கோபப்படுவதுபோல இவ்வளவு காலம் நடித்தவளுக்கு, கோபம் வந்தபோது அதை வைக்க இடமில்லை. அவள் முகம், அவள் குரல், அவள் ஓங்கிய கை, எல்லாமே அவர்களுக்குக் கூத்து. நோட்டுகளை நெற்றியிலிருந்து வழித்துக் கீழே எறிந்தாள். அதற்கும் ஆரவாரம்.

"நான் இந்தப் பிள்ளையைப் பெறலை."

மேளக்காரரின் கை நின்றது.

"பெத்தவ அங்க ரெண்டாவது வரிசைல உக்காந்து அழுதிட்டிருக்கா. போதுமா? ஊர் பாத்தாச்சா?"

எங்கோ ஒரு குழந்தை எதையோ கேட்டது, தாய் அதன் வாயைப் பொத்தினாள்.  அந்த மண்டபத்தில் அத்தனை பேர் மூச்சு விடாமல் இருந்ததை மொசுன்மோலா தன் தொழில்காலம் முழுவதிலும் கேட்டதில்லை. 

கஃபாயத் எழுந்து நின்றாள். எல்லாரும் கட்டிய அதே துணிதான். இடுப்பில் நழுவியதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மொசுன்மோலாவைத்தான் பார்த்தாள்.

"யாருக்கும் தெரியாதுன்னுதானே சொன்னேன்," என்றாள் மெதுவாக. "ஏன் சொன்னீங்க?"

யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். உயர்ந்து நின்ற போன்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தன. மொசுன்மோலா நழுவவிட்ட மைக்கை அரின்பே எடுத்து, தாய்மையைப் பற்றிய பாட்டொன்றைத் தொடங்கினாள். நான்காம் பாடத்தில் வருவது. மொசுன்மோலா நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். 

*

இரண்டாவது உடுப்புக்கு மாறும் அறையில் இரேட்டி எல்லாரையும் வெளியே அனுப்பினாள். கதவைச் சாத்தினாள். கண்ணுக்கு இட்டிருந்த மை கன்னத்தில் இறங்கியிருந்தது.

"நீ எழுந்து நின்னிருக்கலாம்," என்றாள்.

"பொய்யா நிக்கச் சொல்றியா?"

"பொய்யா? இத்தனை வருஷமா நிக்கறியேம்மா, ஸ்கூல்ல, ஆஸ்பத்திரியில, சர்ச்சுல. அதெல்லாம் பொய்யா?"

மொசுன்மோலா மையைத் துடைக்கக் கை நீட்டினாள், இரேட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என் மாமியாருக்கு இன்னும் சொல்லலை நான். கல்யாணம் முடியட்டும், என் வாயால, என் நேரத்துல சொல்லிக்கறேன்னு இருந்தேன். அது என் கதைம்மா. உன்னோடது இல்ல. பெத்தவளோடதும் இல்ல." தலைக்கட்டைப் பிய்த்து எடுத்துக் கட்டிலில் எறிந்தாள். "வீட்டுக்கு வந்து கேட்டியான்னு அந்தப் பொண்ணை அப்படிக் கிழிச்சியே. என்னை நீ கேட்டியா?"

வெளியே ஆரவாரம். கதவுக்கு அந்தப் பக்கம் ஒப்பனைக்காரி தட்டிக்கொண்டிருந்தாள். மொசுன்மோலா குனிந்து தலைக்கட்டை எடுத்து மடித்தாள். அது மடிப்பில் நிற்கிற துணி இல்லை, திரும்பத் திரும்ப விரிந்துகொண்டது.

சர்ச் கல்யாணம் அடுத்த சனிக்கிழமை. அதுவரை இரேட்டி அதே வீட்டில்தான் இருந்தாள். ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அமலாக் களியைப் பிய்க்கும் விரல்களின் சத்தம் கேட்டது, பேச்சு இல்லை. அகின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினான்.

மொசுன்மோலா சந்தைக்குப் போனாள். மிளகாய்க்காரி அவளைக் கண்டதும் வழக்கம்போல வாயைத் திறந்தாள். "வாங்க இரே…" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "வாங்க மேடம்" என்றாள்.

மொசுன்மோலா கூடையைக் கீழே வைத்தாள். "போன வாரம் என்னன்னு கூப்பிட்ட?"

"ஐயோ, கோச்சுக்காதீங்க. வீடியோல பாத்தேன். அழுகையா வந்துச்சு. எப்படிக் கூப்பிடறதுன்னு…"

"எப்படிக் கூப்பிட்டியோ அப்படி."

மிளகாய்க்காரி கூப்பிட்டாள். சொன்னாள்தான், ஆனால் யோசித்துச் சொன்னாள். யோசிக்காமல் வந்துகொண்டிருந்த பெயர் அது. மிளகாயை வாங்காமலே மொசுன்மோலா திரும்பிவிட்டாள்.

அன்று மாலை லான்ரே கூப்பிட்டான். குரலே குதித்தது.

"மம்மி, அழுதுட்டேன்! சத்தியமா அழுதுட்டேன்! எத்தனை லட்சம் பேர் பாத்துட்டாங்க தெரியுமா? இதைத் தனிப் பாடமா போடறோம். 'இரண்டு தாய்மார்.' எழுதிட்டேன், கேளுங்க. 'நான் இந்தப் பிள்ளையைப் பெறவில்லை.' இங்க மூணு நொடி நிறுத்தணும். அந்த நிறுத்தம்தான் மம்மி, அதுலதான் உயிரே இருக்கு…"

"அன்னிக்கு வெட்டின."

"எதை?"

"நான் பேசாம உக்காந்திருந்ததை. நெட் நின்னு போச்சுன்னு நெனைப்பாங்கன்னு சொன்னியே."

"அது வேற மம்மி, அதுல ஒண்ணும் நடக்கலையே. இதுல…"

"பிள்ளை பெத்தவளும் இதைப் படிச்சுச் சொல்லுவாளா? பத்துப் பிள்ளை பெத்த அலாகா மைக்கைப் புடிச்சுட்டு 'நான் பெறலை'ன்னு சொல்லி, மூணு நொடி நின்னு, காசு வாங்குவாளா?"

"நடிப்புக்குத்தானே மம்மி. எல்லாமே…"

"ஏழாம் பாடத்தை எடுத்துடு. இதைப் போடாதே. என் கையெழுத்தை எதுலயும் போடாதே."

லான்ரேயின் குரல் மரியாதை குறையாமல் கெட்டிப்பட்டது. "கையெழுத்து ஸ்கேன் பண்ணி வெச்சாச்சு மம்மி. ஒப்பந்தத்துல உங்க முகம், குரல், வசனம் எல்லாம் இருக்கு. நீங்க படிச்சுட்டுத்தானே…"

இரேட்டி அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. மொசுன்மோலா போனைக் காதிலிருந்து எடுத்து, உள்ளே போய் நின்றாள். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வரவில்லை.

"லான்ரே போன்ல இருக்கான். நிச்சயத்துல நடந்ததைப் பாடமா ஆக்கப் போறானாம். எழுதிட்டானாம். எங்க நிறுத்தணும், எங்க அழணும், எல்லாம்." மூச்சு வாங்கியது. "நான் வேண்டாம்னுட்டேன். ஆனா உன்னைக் கேக்காம சொல்லிட்டேன். இப்பக் கேக்கறேன்."

இரேட்டி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அம்மாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். மன்னிக்கிற பார்வை இல்லை அது. பிறகு கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"ஹலோ. யார் பேசறதுன்னு தெரியுதா? தெரியாதா? உங்க வீடியோ நடுவுல முக்காடு போட்டுட்டு முழங்கால் போட்டு ஒருத்தி இருக்கா பாருங்க. பாத்தீங்களா? நல்லாப் பாருங்க. அவதான்." குரல் உயரவில்லை, ஒவ்வொரு சொல்லாக இறங்கியது. "ஒப்பந்தத்துல எங்கம்மா முகம் இருக்கு. என் முகம் இருக்கா? என் கதை இருக்கா? யாரைக் கேட்டு எழுதினீங்க?"

லான்ரே ஏதோ சொன்னான். மொசுன்மோலாவுக்குக் கேட்கவில்லை. இரேட்டியின் மூக்கு விடைத்தது.

"என்ன கேட்டீங்க? நான் அவங்களுக்கு என்ன வேணும்னா? மகடா! பின்ன யாரு? அந்த வீடியோ ஒரு நொடி உங்க பாடத்துல வந்துச்சுன்னா, நான் கோர்ட்டுல வந்து கேப்பேன். அப்ப எவ்வளவு வேணாலும் நிறுத்தி நிறுத்திப் பதில் சொல்லலாம். ஏழாம் பாடத்துக்கு என்ன? எடுக்க முடியாதா? சரி, அதுக்கும் வர்றோம். ரெண்டு பேருமே வர்றோம்."

போனை அணைத்துக் கட்டிலில் போட்டாள். இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஏழாம் பாடத்தை எந்த ஊரிலோ எவளோ இந்நேரம் மனப்பாடம் செய்துகொண்டிருப்பாள் என்று மொசுன்மோலாவுக்குத் தோன்றியது. 

"உன்மேல எனக்குக் கோவம் போகலை," என்றாள் இரேட்டி, பெட்டியைத் திரும்ப எடுத்தபடி.

"போக வேண்டாம்."

"சொல்லாம இருந்திருந்தா செத்தா போயிருப்பே?"

"தெரியலை."

இரேட்டி சட்டையின் கழுத்தைத் திருப்பிப் போட்டாள். நீர் தெளித்தாள். சூடு பட்டு அது சீறியது. "அந்தக் கோட்டோனூக்காரிக்கு போன் பண்ணினியா?"

"இல்லை."

"பண்ணு. சனிக்கிழமை வருவாளா மாட்டாளான்னு கேளு. சொல்லாதே, கேளு." தலை நிமிராமலே முழங்கையால் அவளை ஒதுக்கினாள். "கரண்ட் போறதுக்குள்ள இதை முடிக்கணும். வெளிச்சத்தை மறைக்காதே, தள்ளு."

மொசுன்மோலா தள்ளி நின்றாள். கஃபாயத்தின் எண்ணைத் தேடி எடுத்தாள். மணி அடித்துக்கொண்டிருந்தது. எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.